பெல்ட் மட்டும் மாற்றினால் போதாது: ஏடிவி வண்டியின் டிரைவ் கிளட்ச் தேய்மானம்

எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃபைபர் படகுகளைக் கரையிலிருந்து மேட்டுக்கு இழுக்க, 500 சிசி ஏடிவி (மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நாலு சக்கர வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். முதலில் நன்றாக இழுத்த வண்டி இப்போது கிளம்பும்போது ‘டொக்’கென்று உதைக்கிறது. ஐடிலில் கியர் போட்டு பிரேக்கை விட்டால் தானாக ஊர்கிறது. நியூட்ரலுக்குக் கொண்டுவர லிவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பெல்ட் அறுந்து புதிது போட்டார், அதுவும் கருகிவிட்டது. பார்த்த மெக்கானிக், முழு பிரைமரி கிளட்சையும், அதாவது டிரைவ் கிளட்சையும், மாற்றச் சொல்கிறார். அதன் விலையைக் கேட்டுத் தயங்கி, வேறு வழி இருக்கிறதா என்கிறார்.

இருக்கிறது, தம்பி. ஆனால் மூன்றாவது பெல்ட் வாங்கிப் போடுவது அந்த வழி இல்லை. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகு டிரைவ் கிளட்சின் நகரும் தட்டு முழுதாகப் பின்வாங்கவில்லை. பெல்ட்டை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் வண்டி ஊர்கிறது, அதனாலேயே கியரும் கழல மறுக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது அந்தத் தட்டு வழியில் சிக்கி நின்று, திடீரென்று விடுபட்டுப் பாய்வதால் உதை விழுகிறது. சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் புஷ் (தண்டின்மேல் ஓடும் உள்வளையம்), பட்டன், ரோலர் என்ற சின்னச் சாமான்கள்தான். அவை தேய்ந்து கிடக்கும்போது எத்தனை பெல்ட் போட்டாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். முழு கிளட்சும் போய்விட்டதா, சின்னச் சாமான்களோடு முடியுமா என்பதைக் கழற்றிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மெக்கானிக் கழற்றிப் பார்த்துச் சொன்னாரா, வெளியிலிருந்தே சொன்னாரா என்று முதலில் கேளுங்கள்.

பெல்ட் வண்டி நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்ததிலிருந்து வேரியேட்டரை (பெல்ட் ஓடும் முன்பக்கப் புல்லியை) கழற்றி மாட்டிப் பழகிய கைகள் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ஏராளம். ஆனால் ஸ்கூட்டரில் படித்த பாடம் ஏடிவியில் சில நேரம் தவறான வழியைக் காட்டிவிடும். ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும். வண்டியைக் கிளப்புவதும் நிறுத்துவதும் பின்பக்கம் இருக்கிற கிளட்ச் ஷூவின் வேலை. போலாரிஸ், கேன்-ஆம் வகை ஏடிவிகளில் பின்னால் ஷூ எதுவும் கிடையாது. முன்புல்லியே கிளட்ச், டிரைவ் கிளட்ச் என்பது அதைத்தான். ஐடிலில் அதன் இரண்டு தட்டுகளும் விலகி நிற்கும், பெல்ட் இடையில் பிடிப்பில்லாமல் கிடக்கும். எஞ்சின் வேகம் ஏறியதும் தட்டுகள் நெருங்கி பெல்ட்டைக் கவ்வும். யமஹா கிரிஸ்லி மாதிரி வண்டிகளில் ஏற்பாடே வேறு. அங்கே ஆயிலுக்குள் ஓடும் தனி கிளட்ச் ஒன்று உண்டு, பெல்ட் எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும். சிறிய 150 சிசி சீன வண்டிகள் பலவற்றில் அப்படியே ஸ்கூட்டர் அமைப்புதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முன்புல்லியே கிளட்சாக வேலை செய்யும் வகை. கீழே எழுதுவதெல்லாம் அந்த வகைக்கு.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில், டேப்பரில் (கூம்புபோல் சரியும் பகுதியில்) ஏறி உட்கார்ந்திருக்கும் நிலையான தட்டு ஒன்று. அதன் தண்டின்மேல் முன்னும் பின்னும் நகரும் தட்டு இன்னொன்று. நகரும் தட்டில் மூன்று வெயிட்டுகள் பின்னில் தொங்கும். தண்டில் இறுக்கி வைத்த, மூன்று கை கொண்ட ஸ்பைடர் ஒன்று நடுவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கையிலும் ஒரு ரோலர். வேகம் ஏறும்போது வெயிட்டுகள் வெளியே விரியப் பார்க்கும். விரியும் வெயிட் ரோலரை உந்தும், ரோலர் நகராது, ஆகவே தட்டுதான் நகர வேண்டும். அது நகர்ந்து பெல்ட்டைக் கவ்வும். வேகம் குறைந்தால் நடுவிலிருக்கும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிவிடும். நகரும் தட்டு தண்டோடு சேர்ந்து சுற்றுவதற்கு, ஸ்பைடர் கைகளின் இருபுறமும் பிளாஸ்டிக் பட்டன்கள் தட்டின் தூண்களில் உரசியபடி நிற்கும். எஞ்சினின் முறுக்கில் நகரும் தட்டுக்கு வர வேண்டிய பங்கு முழுவதும் அந்தச் சின்னப் பட்டன்கள் வழியாகத்தான் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கிளட்சைத் தொடும் முன் அறுந்த பெல்ட்டையும் கருகிய பெல்ட்டையும் தரையில் போட்டு நிதானமாகப் பாருங்கள். குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். ஒரே இடத்தில் மட்டும் இடுப்பு ஒட்டியதுபோல் ஒடுங்கியிருந்தால், பெல்ட் நகராமல் நின்றபடி புல்லி மட்டும் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் மணலில் புதைந்து நிற்கும்போதும், படகு அசையாமல் அடம்பிடிக்கும்போதும் ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்தால் சில நொடிகளில் இது நடந்துவிடும். சுற்றிலும் ஒரே சீராகப் பளபளத்து, கண்ணாடி மாதிரி வழுக்கினால் நீண்ட நேரம் வழுக்கி ஓடியிருக்கிறது. தட்டு போதுமான அழுத்தத்தோடு பிடிக்கவில்லை, அல்லது பாரம் அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக நூல் கிளம்பியிருந்தால் இரண்டு புல்லிகளும் நேர்க்கோட்டில் இல்லை. எஞ்சின் மவுண்ட் ரப்பர் அறுந்த வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பாரம் இழுக்கும்போது எஞ்சின் சாய்ந்துவிடுவதால், நின்ற நிலையில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பற்கள் அடியோடு பிய்ந்திருந்தால் சூடு, அல்லது வயதான ரப்பர். எண்ணெய் பட்டு ஊறியிருந்தால் கிராங்க் சீல் கசிகிறதா என்று பாருங்கள்.

அறுந்த பெல்ட்டைப் பற்றி இன்னொன்று. அதன் நூல்கள் புல்லிக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொள்ளும். கிராங்க் சீலையும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீலையும் அவை அறுத்துவிடும். பெல்ட் அறுந்த வண்டியில் புதுப் பெல்ட்டை மட்டும் மாட்டி அனுப்புவது பாதி வேலை. உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நூலையும் இடுக்கியால் எடுத்தாக வேண்டும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. ஐடில் வேகம் மேனுவலில் சொன்ன அளவுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். ஐடில் கூட இருந்தாலே நல்ல கிளட்சும் பெல்ட்டைப் பிடிக்க ஆரம்பித்துவிடும், வண்டி ஊரும். அதைச் சரி செய்ய ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அடுத்தது எஞ்சின் மவுண்டுகள். கடப்பாரையால் எஞ்சினை மெல்ல நெம்பினால் ஆட்டம் தெரியும். மூன்றாவது, எஞ்சினை நிறுத்திவிட்டு, கவரைக் கழற்றி, நியூட்ரலில் பெல்ட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது. ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் என்ஜின் பிரேக் வசதி இல்லாத வண்டியானால், நிலையில் நிற்கும் முன்புல்லிக்குள் பெல்ட் பிடிப்பில்லாமல் சுற்ற வேண்டும், இரண்டு பக்கமும் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். உரசினால் தட்டு சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பைடருக்கு அடியில் இருக்க வேண்டிய வாஷரை முன்பு யாரோ தொலைத்திருக்கிறார்கள். என்ஜின் பிரேக் வசதி உள்ளதானால் இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒருபக்கம் மட்டும் சுற்றும் பேரிங் ஒன்று இருக்கும், பெல்ட் அதன்மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பேரிங் ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் பிடித்துக்கொண்டும் சுற்ற வேண்டும். மணலும் துருவும் ஏறி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் உங்கள் வண்டிபோல்தான் ஊரும், கியரும் விழாது. கிளட்சைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்கூட்டர் கடைகளில் கவரைத் திறந்து வைத்தே எஞ்சினை முடுக்கி, ரோலர் ஓடுவதைப் பார்ப்பார்கள். ஏடிவியில் அது கூடவே கூடாது. அந்தப் புல்லி கனமானது, நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. தேய்ந்த கிளட்சிலிருந்து ஒரு வெயிட்டோ பின்னோ கழன்று பறந்தால், பக்கத்தில் குனிந்து நிற்பவருக்கு உயிராபத்து. அந்தக் கவர் தூசிக்காக மட்டும் போட்டதல்ல.

இனி கழற்றுவது. டேப்பரில் இறுகிய கிளட்சை எடுக்க அதற்கென்று புல்லர் உண்டு, நீளமான போல்ட் வடிவத்தில் இருக்கும். நடு போல்ட்டைக் கழற்றிய ஓட்டையில் அதை முறுக்கிச் செலுத்தினால் கிராங்கின் நுனியில் முட்டி, கிளட்சைப் பின்னுக்குத் தள்ளும். மாடலுக்கு மாடல் நீளமும் மரையும் மாறும் என்பதால் உங்கள் மாடலுக்கானதையே வாங்குங்கள், அல்லது பழையதைக் காட்டி நல்ல லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். மைல்டு ஸ்டீலில் கடைந்தால் உள்ளேயே முறுக்கி உடையும், கெட்டியான ஸ்டீல் வேண்டும். புல்லரை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். அடம்பிடித்தால் புல்லரை எடுத்துவிட்டு, ஓட்டை நிறைய கிரீஸ் அடைத்து, புல்லரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் திரும்ப இறுக்குங்கள். அழுத்தம் டேப்பருக்குள் பரவி, கிளட்ச் ‘டப்’பென்று வெளியே வரும். பிறகு அந்த கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். தட்டின் விளிம்பில் நெம்புகோல் வைத்து நெம்புவது, தட்டைச் சுத்தியலால் அடிப்பது, கேஸ் வெல்டிங் நெருப்பில் காட்டுவது மூன்றும் நல்ல கிளட்சைக் கெடுக்கும் வேலைகள். அலுமினியத் தட்டு லேசாக வளைந்தாலே பெல்ட்டை ஒவ்வொரு சுற்றிலும் கடித்துத் துப்பும்.

கையில் வந்த கிளட்சைத் திறப்பதற்கு முன் மார்க்கர் பேனாவால் மேல்மூடி, ஸ்பைடர், நகரும் தட்டு, நிலையான தட்டு நான்கின் மேலும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் போடுங்கள். எல்லாம் ஒன்றாக மாட்டப்பட்ட நிலையில் பேலன்ஸ் செய்யப்பட்டவை. வார்ப்பிலேயே எக்ஸ் குறி இருக்கும், ஆனால் முன்பு திறந்தவர் மாற்றி மாட்டியிருக்கலாம் என்பதால் உங்கள் குறியும் வேண்டும். மூடியின் போல்ட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, மூடி கோணினால் புஷ் அங்கேயே சிதைந்துவிடும்.

இப்போது உண்மையான விசாரணை. மூடியின் நடுவில் ஒரு புஷ், நகரும் தட்டின் நடுவில் ஒரு புஷ். நகரும் தட்டைத் தண்டில் நேராகத் தாங்குவது இந்த இரண்டும்தான். புஷ்ஷின் உட்புறம் டெஃப்லான் பூச்சு சாம்பல் நிறத்தில் இருக்கும், தேயத் தேய அடியிலிருக்கும் பித்தளை தெரியும். பூச்சைவிடப் பித்தளை அதிகமாகத் தெரிந்தால் அந்த புஷ் முடிந்தது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தட்டைத் தண்டின்மேல் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்கே தெரியும். புஷ் தேய்ந்த தட்டு நேராக நகராது, சாய்ந்து மாட்டிக்கொண்டு, பிறகு விடுபடும். உங்கள் வண்டியின் உதைக்கும் ஊர்தலுக்கும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தண்டையும் விடாதீர்கள். புஷ் ஓடும் இடத்தில் நகத்தால் வருடினால் படி தட்டக் கூடாது. உப்புக்காற்றில் துருவேறிய தண்டு புதுப் புஷ்ஷையும் சில வாரங்களில் அரைத்துவிடும்.

அடுத்து பட்டன்கள். நிலையான தட்டை ஒரு கையால் அசையாமல் பிடித்து, நகரும் தட்டை வலமும் இடமுமாகத் திருகுங்கள். புதிய நிலையில் பட்டனுக்கும் தூணுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் இருக்காது, அதாவது சுமார் 0.025 மி.மீ. கைக்கு ‘கடக் கடக்’கென்று ஆட்டம் தெரிந்தாலே பட்டன் தேய்ந்துவிட்டது. ஐடிலில் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோன்ற சத்தம் இங்கிருந்துதான் வரும். பட்டன் விலை குறைந்த சாமான். அதைக் கவனிக்காமல் விட்டால் பட்டன் முழுதும் தேய்ந்து, ஸ்பைடரின் உலோகம் நேராக அலுமினியத் தூணில் இடித்துப் பள்ளம் போடும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய வழியில்லை. நூறுகளில் முடிய வேண்டிய வேலை முழு கிளட்ச் விலைக்கு ஏறுவது அந்த இடத்தில்தான். அதனால்தான் உங்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

ரோலர்கள் தடையில்லாமல் சுற்ற வேண்டும், சுற்றளவில் எங்கும் தட்டை விழுந்திருக்கக் கூடாது. ரோலர் பின்னில் சிக்கிக்கொண்டால் உருளாமல் உரசும், ஒரே பக்கம் தேயும். அதன்பின் அதன்மேல் ஓடும் வெயிட்டின் வளைவிலும் பள்ளம் விழும். வெயிட்டின் வளைவு என்பது வண்டி எந்த வேகத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கான கணக்கு. அதில் பள்ளம் விழுந்தால் வேகம் ஏறும் வழியில் ஓர் இடத்தில் இழுவை தொங்கும், அதைத் தாண்டியதும் மறுபடி எடுக்கும். கார்பரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வெயிட்டின் பின்னையும் ஓட்டையையும் பாருங்கள். வெயிட் முன்பின் ஆடலாம், பக்கவாட்டில் ஆடக் கூடாது. மாற்றுவதானால் மூன்றையும் சேர்த்து, ஒரே எண் பொறித்த செட்டாக மாற்றுங்கள். இரண்டு பழையது, ஒன்று புதியது என்று கலந்தால் கிராங்க் பேரிங்கையே அந்த அதிர்வு தின்றுவிடும். வெயிட் போல்ட்டின் நட் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் திரும்ப வரட்டும்.

தட்டுகளின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை மையத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக இருக்கும் முகத்தில் வெளிச்சம் கசியாது. பெல்ட் அதிக நேரம் நின்ற இடத்தில் வளையமாகப் பள்ளம் இருந்து, நகம் அதில் தட்டி நின்றால் தட்டின் ஆயுள் முடிந்தது. பாரம் இழுக்கும் வண்டியில் இந்தப் பள்ளம் மையத்துக்குப் பக்கத்தில் விழும், ஏனென்றால் பெல்ட் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அங்கேயே நிற்கிறது. லேத்தில் கடைந்து முகத்தை நேராக்கித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். கடைந்தால் தட்டின் கோணமும் கனமும் மாறும், பெல்ட் உட்காரும் இடமே தள்ளிப்போகும், பேலன்ஸும் போகும். கறுப்பாகப் படிந்திருக்கும் ரப்பர் மட்டும்தானென்றால் அது தேய்மானமே இல்லை. ஸ்காட்ச் பிரைட் பச்சைத் துணியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். உப்புத்தாள் வேண்டாம், பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங்கை மேனுவலில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். சுருங்கியிருந்தால் மாற்றுங்கள், அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்டு நன்றாக, தூண்கள் நன்றாக, தட்டு முகங்கள் நன்றாக இருந்தால் முழு கிளட்ச் தேவையில்லை. புஷ் இரண்டு, பட்டன் செட், ரோலர், வெயிட், பின், ஸ்பிரிங் என்று மாற்றினால் கிளட்ச் மறுபடி பல காலம் உழைக்கும். தூணில் பள்ளம், தட்டு முகத்தில் பள்ளம், தண்டில் படி ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. உதிரியாக வாங்கிக்கொண்டே போனால் புதியதன் விலையைத் தாண்டிவிடும். ஒன்று மட்டும் இருந்தால் அந்தத் தட்டின் தனி விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

புஷ் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி சாமான் வர நாளாகும் என்று லேத்துப் பட்டறையில் பித்தளையிலோ கன்மெட்டலிலோ புஷ் கடைந்து அடித்துவிடுவார்கள். மாட்டிய அன்று அருமையாக இருக்கும். ஆனால் அந்த புஷ்ஷுக்கு எண்ணெய் வேண்டும், இந்த கிளட்ச் எண்ணெயில்லாமல் ஓடவேண்டியது. காய்ந்து ஓடும் பித்தளை சூடாகித் தண்டைப் பிடிக்கும். பிடிக்கிறதே என்று கிரீஸ் வைப்பார்கள். கிரீஸ் சுழற்சியில் பெல்ட்டில் தெறிக்கும், மிச்சத்தில் மணலும் தூசியும் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். டிரைவ் கிளட்சுக்குள் எங்கேயும், துளிகூட, கிரீஸோ எண்ணெயோ டபிள்யூடி-40ஓ கூடாது. கம்பெனி புஷ் கிடைக்கவில்லையானால் பாரிமுனை லிங்கிச்செட்டி தெரு பக்கம் பேரிங் கடைகளில் ‘டியூ புஷ்’ என்று கேளுங்கள். ஸ்டீல் முதுகும் உள்ளே டெஃப்லான் பூச்சும் கொண்ட மெல்லிய புஷ் அது, எண்ணெயில்லாமல் ஓடவே செய்தது. தண்டின் விட்டத்தையும் ஓட்டையின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவு வரலாம், பக்கத்து மில்லிமீட்டர் அளவை வைத்துச் சமாளிக்காதீர்கள். புஷ்ஷை அடிக்காமல், பிரஸ்ஸில் நேராக இறக்க வேண்டும்.

பட்டனையும் ரோலரையும் மாற்ற ஸ்பைடரைக் கழற்ற வேண்டியிருக்கும். பழைய வடிவங்களில் அது தண்டின் மரையில் மிகக் கடுமையாக, 200 ஃபுட் பவுண்டு அளவில் இறுக்கப்பட்டிருக்கும். சாதாரண வைஸில் தட்டைப் பிடித்துக் கழற்றப் பார்த்தால் தட்டு உடையும். இதற்கென்று பிடிமானமும் ஸ்பைடர் டூலும் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல மெஷின் ஷாப்களில் படம் காட்டினால் டூலைச் செய்து தருவார்கள். ஸ்பைடருக்கு அடியில் இருக்கும் வாஷர்களை எண்ணி, நூலில் கோத்து வையுங்கள். பெல்ட்டுக்கும் தட்டுக்குமான இடைவெளியை முடிவு செய்வது அவைதான்.

திரும்ப மாட்டும்போது கிராங்க் டேப்பரும் கிளட்சின் உள் டேப்பரும் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். ஆல்கஹாலில் துடைத்து, கையால் தொடாமல் ஏற்றுங்கள். பிடிப்பு முழுவதும் அந்த இரண்டு முகங்களின் உரசலில்தான் இருக்கிறது, நடு போல்ட் இழுத்து உட்காரவைக்க மட்டும். துருப்புள்ளி இருந்தால் பிரஷ்யன் ப்ளூ (இரண்டு முகமும் தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவிப் பொருத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். நடு போல்ட்டுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம், இம்பாக்ட் கன் வேண்டாம். மூடியின் சின்ன போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும், கைப்பலத்தைக் காட்டினால் மரை போகும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு வையுங்கள்.

பின்புல்லியையும் அதே நாளில் பாருங்கள். கையால் தட்டுகளைத் திருகி விரித்துவிட்டால் ஸ்பிரிங்கின் வேகத்தில் ‘சட்’டென்று மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாக மூடினால் அதன் புஷ்ஷும் சாய்வுப் பட்டன்களும் இதே உப்பையும் மணலையும் தின்றிருக்கின்றன. முன்புல்லியை மட்டும் புதுப்பித்துவிட்டு, பின்புல்லி சிக்கினால் புதுப் பெல்ட் வழுக்கத்தான் செய்யும்.

உங்கள் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணூரில் ஓடும் வண்டிக்கு உப்பும் மணலும் மட்டுமல்ல, அனல்மின் நிலையச் சாம்பலும் எதிரி. அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அலுமினா உருண்டைகள். மாவு மாதிரி மென்மையாகத் தெரியும், ஆனால் டெஃப்லான் பூச்சுக்கு அரம். கிளட்ச் அறைக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதை ஹேண்டில்பார் உயரத்துக்கு ஏற்றி, முன்னால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று மாட்டி, வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஃபில்டர் அடைத்துப்போனால் அறை சூடாகி பெல்ட் வேகும், ஆகவே மாட்டிவிட்டு மறப்பதைவிட மாட்டாமலிருப்பதே மேல். கவரின் ரப்பர் சீல் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அலையில் இறங்கி உள்ளே தண்ணீர் போனால் அடியிலிருக்கும் வடிகால் மூடியைத் திறந்து வடித்து, நியூட்ரலில் வைத்து எஞ்சினை விட்டு விட்டு முடுக்கி உலர்த்துங்கள். அது கடல்நீரானால் அன்றே கவரைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். உப்பு ஓரிரவு இருந்தாலும் தண்டில் வேலையைக் காட்டிவிடும்.

ஓட்டும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். படகை இழுக்கும்போது எப்போதும் லோ கியர். மணிக்கு 11 கி.மீ. வேகத்துக்குக் குறைவான வேலை எதற்கும் ஹை கியர் கூடாது என்பதுதான் இவ்வகை வண்டிகளுக்கான பொது விதி. நம் கரையில் பல வண்டிகள் வருஷம் முழுவதும் ஹை கியரிலேயே இழுப்பதைப் பார்க்கிறேன், பெல்ட் சாவது அங்கேதான். படகுக்கு அடியில் உருளைக் கட்டை போட்டு, முதல் அசைவை ஆட்கள் தள்ளிக் கொடுக்க, பிறகு வண்டி இழுக்கட்டும். ஆக்சிலேட்டரைப் பயந்து பயந்து தொடாமல், ஒரே சீராக உறுதியாகப் பிடியுங்கள். தயங்கித் தொட்டால் தட்டு பாதிப் பிடிப்பில் நின்று பெல்ட்டைச் சுடும். மூன்று நொடிக்குள் படகு நகரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இழுக்கும் கோணத்தை மாற்றுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் இரவில் வண்டியை மேல்மணலுக்கு ஏற்றாமல், தினமும் போகும் தடத்திலேயே ஓட்டுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் 50 கி.மீ. பாரம் இழுக்காமல், முழு வேகம் பிடிக்காமல் ஓட்டுங்கள். புதுப் பெல்ட்டின் பக்கங்கள் தட்டோடு பதிவதற்கு அவ்வளவு தேவை. அதன்பின் கவரை ஒருமுறை திறந்து, உள்ளே கறுப்புத் தூள் எவ்வளவு விழுந்திருக்கிறதென்று பாருங்கள். மெல்லிய படலமாக இருந்தால் சரி. குவியலாக இருந்தால் பாரத்தைப் பூட்டாதீர்கள், இரண்டு புல்லிகளும் நேராக நிற்கின்றனவா என்பதை மறுபடி அளந்துவிட்டு அந்த முடிவை எடுங்கள்.